சித்தேரி முதல் அஞ்செட்டி வரை: மலையூர் நாட்டு விதைகளைக் கைவிடாமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, வத்தல்மலை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை. இந்த மலையூர்களில் நாட்டுச் சாமை, கேழ்வரகு, அவரை, கொள்ளு விதைகளை ஊர்க்காரர்களே வைத்துக்கொண்டு வருடாவருடம் விதைக்க வேண்டும். அதற்காக ஒரு விதைக்குழு தொடங்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். முதல் வேலையாக ட்ரம் வாங்குகிறார்கள். ஓர் அறை, ஒரு போர்டு, வரிசையாக ஜாடிகள். இரண்டாம் வருடம் திறந்து பார்த்தால் பாதி விதை முளைப்பதில்லை. மீதியை யார் விதைப்பது என்றும் தெரிவதில்லை. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் ட்ரம் ஒன்பதாவது இடத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் எட்டு வேலை இருக்கிறது.

முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை: கெட்டி அட்டை போட்ட நோட்டு, பென்சில் (பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்), பருத்தித் துணிப்பைகள், இரண்டு தார்ப்பாய், கண்ணாடி பாட்டில், ஒரு படி, பழைய வேட்டித் துணி. இவற்றுக்கு மேலே, விதைப்பதற்கு நிலம் தரச் சம்மதிக்கிற இரண்டு குடும்பங்கள். குடும்பம் கிடைக்கவில்லை என்றால் இந்த வருடம் தொடங்காதீர்கள்.

1. மாதக் கணக்கை முதலில் போடுங்கள்

மலையில் மழையைப் பார்த்து வைகாசி, ஆனியில் சாமை விதைப்பார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பார்கள். மானாவாரிக் கேழ்வரகு ஆடியை ஒட்டி விதைப்பாகி, கார்த்திகை, மார்கழியில் களத்துக்கு வரும். உங்கள் ஊரில் இது பத்து, பதினைந்து நாள் முன்பின் இருக்கலாம். ஊர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வைகாசியில் விதைக்க வேண்டுமானால் பங்குனிக்குள் முளைப்புப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மாசிக்குள் விதை கைக்கு வந்திருக்க வேண்டும். சித்திரையில் மலையேறிப் போய் விதை கேட்டால், அது உரலுக்குள் போய்விட்டிருக்கும். நான் முதல் வருடம் அப்படித்தான் போனேன்.

2. யார் இன்னும் விதைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேளுங்கள்

கூட்டம் போட்டுக் கேட்டால் ஆண்கள் பேசுவார்கள். மரவள்ளிக் கிழங்கு விலை, காபி விலை என்றுதான் பேச்சு போகும். விதை எந்தப் பானையில் இருக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அதனால் ஊர்க்கவுண்டரிடம் முதலில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, பிற்பகலில் வீடு வீடாகப் போங்கள்.

சித்தேரிப் பக்கம் ஒரு வீட்டில் திண்ணையில் இருந்த சாமை மூட்டையைப் பார்த்து, "ஆயா, இதுல ரெண்டு படி விதைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது திங்கிற சாமை கண்ணு. வெதச் சாமை மேல கெடக்கு" என்று அடுப்புக்கு மேலே காட்டினார். புகை படிந்து கறுத்த ஒரு கூடை, அதற்குள் துணி முடிச்சு. மூட்டையில் இருந்தது மூன்று காட்டில் (மானாவாரி நிலத்தைக் காடு என்பார்கள்) விளைந்த சாமையும் கலந்தது. முடிச்சில் இருந்தது ஒரே காட்டில் பார்த்துப் பார்த்து எடுத்தது.

ஆகவே கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "சாமை இருக்கிறதா?" என்று கேட்டால் மூட்டைதான் வரும். "அடுத்த வருடம் விதைக்க எதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். விளக்கு வைத்த பிறகு கேட்காதீர்கள், பல வீடுகளில் அந்த நேரத்தில் தானியம் வெளியே போகாது. காசு நீட்டுவதையும் தவிருங்கள். ஒரு படி விதைக்கு ஒன்றரைப் படி தானியம் மாற்றாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும், அடுத்த வருடமும் கதவு திறக்கும்.

ஒரே வீட்டில் வாங்கி நிறுத்திவிடாமல், ஒரே ரகத்தை மூன்று நான்கு வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். ஒரு வீட்டு விதை பழுதானால் இன்னொன்று கை கொடுக்கும்.

சந்தையிலோ ரேஷனிலோ வாங்கிய கேழ்வரகை விதையாகச் சேர்க்காதீர்கள். 2023-ல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல விஷயம், களி கிண்ட ஏற்றது. ஆனால் அந்த மூட்டைக்குள் எத்தனை ரகம் கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

3. பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், கதிரையும் வாங்குங்கள்

ஒரே விதைக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு விதையும் இருக்கும். 'பெருஞ்சாமை' என்று ஒருவர் சொன்னதும் புத்தகத்தில் படித்த பெருஞ்சாமை இதுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

நோட்டில் எழுத வேண்டியது: கொடுத்தவர், ஊர், காட்டின் பெயர், அவர் சொல்லும் ரகப் பெயர், எத்தனை நாள் பயிர், கதிர் எப்படி இருக்கும், எந்த மண்ணில் போடுவார்கள், எதற்குச் சமைப்பார்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். களிக்கு ஒரு கேழ்வரகு, கூழுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிற வீடுகளில் அந்த ரகம் நின்றிருப்பதற்கே காரணம் அதுதான்.

கூடவே காய்ந்த கதிர் ஒன்றையும் கேட்டு வாங்கி, அட்டையில் நூலால் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகில் கதிர் விரல் மடக்கிய கை போல மூடியிருக்கிறதா, விரித்த கை போலத் திறந்திருக்கிறதா என்பது ரகத்தைப் பிரிக்கிற முதல் அடையாளம். தானியமாக மட்டும் வாங்கினால் அது தெரியாது. ஆறு மாதம் கழித்துக் காட்டில் நின்று சந்தேகம் வரும்போது இந்த அட்டைதான் தீர்ப்புச் சொல்லும்.

4. முளைப்புப் பார்க்காமல் விதைக்காதீர்கள்

நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் நூறு விதைகளை எண்ணி வரிசையாக வையுங்கள். பாய் போலச் சுருட்டி நிழலில் வைத்து, துணி காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். நான்காம் நாள் ஒருமுறை, எட்டாம் நாள் ஒருமுறை எண்ணுங்கள். வேரும் தண்டும் சரியாக வந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள். வால் மட்டும் நீட்டியதை எண்ண வேண்டாம்.

எழுபத்தைந்துக்கு மேல் வந்தால் நல்ல விதை. கேழ்வரகு, சாமைக்குச் சான்று விதை அளவுகோலும் 75 சதவீதம்தான். ஐம்பது வந்தால் ஒன்றரை மடங்கு விதையுங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் காட்டில் தூவ வேண்டாம். நாற்றுத் தட்டில் முளைக்க வைத்து, பிழைத்ததை எடுத்து நடுங்கள். அரிய ரகம் என்றால் இருபது செடி வந்தாலும் லாபம்.

விதை ரொம்பச் சிறியது, ஒரு கிராமில் முந்நூறு நானூறு இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட வேகமாக எண்ணிவிடுகிறார்கள்.

5. ஐந்து சென்ட் போதும், ஆனால் இரண்டு இடத்தில்

விதைக் காடு பெரிதாக வேண்டாம். சாமைக்கு ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை என்றால், ஐந்து சென்ட்டுக்குக் கால் கிலோ. அதில் பத்துப் பன்னிரண்டு கிலோ கண்டாலே இரண்டு மூன்று ஏக்கருக்கு விதை ஆயிற்று. சிறிய காடாக இருந்தால்தான் அடுத்த படியில் சொல்லும், வேறு செடி பிடுங்கும் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும்.

இரண்டு இடம் ஏன் என்றால், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலமும் யானைக் கூட்டம் இறங்கி வரும் காலமும் ஒன்று. ஒரு ராத்திரியில் காடு காலி. சித்தேரியில் காட்டுப்பன்றி. அதனால் ஒரு விதைக் காட்டை வனத்தின் ஓரத்தில் போட்டிருந்தால், இன்னொன்றை ஊருக்குள் வீட்டுப் பக்கமாகப் போடுங்கள்.

இடைவெளியைப் பயிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லோரும் இதில்தான் குழம்புகிறார்கள். கேழ்வரகு, சாமை, கொள்ளு இவை பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும். கேழ்வரகு, சாமைக்கு ரகத்துக்கு ரகம் மூன்று மீட்டர் விட்டால் போதும். கம்பு அப்படியில்லை. காற்றில் மகரந்தம் போகும், குறைந்தது இருநூறு மீட்டர் வேண்டும். துவரையில் தேனீ கலப்படம் செய்துவிடும், நூறு மீட்டராவது விடுங்கள். அவ்வளவு இடம் இல்லை என்றால் ஒரு ஊருக்கு ஒரு துவரை ரகம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரகத்தை அடுத்த ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேழ்வரகுக்கு நடுவே அவரை, துவரை, கடுகு என்று சால் (வரிசை) விடுவது இங்கே பழக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அக்கடிச் சால் என்பார்கள். விதைக் காட்டிலும் அதை அப்படியே விடலாம். வெவ்வேறு பயிர் ஒன்றோடொன்று கருவுறாது.

பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கேழ்வரகு, சாமை, கொள்ளு ரகங்களும் இந்த மாவட்டங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை விரோதியாகப் பார்க்க வேண்டாம். விளைச்சலுக்கு அதைப் போடுகிறவர் போடட்டும். விதைக் காட்டை மட்டும் அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

6. வேறு செடியைப் பிடுங்குங்கள், ஆனால் அளவாக

பூ வரும்போது ஒருமுறை, பால் பிடிக்கும்போது ஒருமுறை காட்டுக்குள் நடந்து பாருங்கள். கையில் அந்தக் கதிர் அட்டை இருக்கட்டும். கதிர் வடிவம், தண்டு நிறம் வேறாக இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். கழுத்தில் கறுத்து ஒடிந்து தொங்கும் கேழ்வரகு குலைநோய் கண்டது. சாமையில் மணிக்குப் பதில் கரிப்பொடி இருந்தால் கரிப்பூட்டை. இரண்டும் விதை வழியாக அடுத்த வருடத்துக்குப் போகும். காட்டிலேயே உதறாமல் பையில் போட்டுக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

அளவாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாட்டு ரகத்தில் எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் பூ என்று இருக்காது. நாலு நாள் முந்துவது, ஒரு வாரம் பிந்துவது எல்லாம் அந்த ரகத்தின் குணம்தான். மழை முந்திப் போன வருடத்தில் முந்தியது காப்பாற்றும், பிந்திப் போன வருடத்தில் பிந்தியது காப்பாற்றும். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர் உயரம் மாறியதையெல்லாம் பிடுங்கி, காட்டைச் சீப்பு வாரியது போல ஆக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த வருடம் அவரை யாரும் காட்டுக்குள் விடவில்லை.

7. விதைக் கதிரை அறுவடைக்கு முந்தைய நாள் எடுங்கள்

அறுத்துக் களத்துக்கு வந்த பிறகு விதையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கே கதிர் மட்டும்தான் தெரியும், செடி தெரியாது. சாய்ந்த செடியா, நோய் கண்டதா, எத்தனை தூர் வெடித்தது எதுவும் தெரியாது.

காட்டின் ஓரத்தில் மூன்று நான்கு சால்களை விட்டுவிட்டு, உள்ளே நடந்து, குறைந்தது நூறு செடிகளில் ஒவ்வொரு கதிர் எடுங்கள். பெருத்த கதிராக இருபது எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இருபது செடியிலிருந்து எடுத்தால் ரகத்தின் பலவிதமும் மூன்று நான்கு வருடத்தில் சுருங்கிவிடும். பெருத்தது, நடுத்தரம், முந்தியது, பிந்தியது எல்லாம் கலந்து இருக்கட்டும். நோயில்லாமல், மணி திரண்டு இருந்தால் போதும்.

சாமையில் ஒரு சங்கடம் இருக்கிறது. நன்றாக முற்றும் வரை விட்டால் மணி உதிர்ந்துவிடும். கதிர் மஞ்சளடிக்கும்போதே, பனி ஈரம் இருக்கிற காலை நேரத்தில் கொய்யுங்கள்.

8. களத்தில்தான் எல்லாம் கலக்கும்

காட்டில் மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, பிடுங்கி, பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, களத்தில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். என் கதையும் அதுதான். இரண்டு கேழ்வரகு ரகத்தை ஒரே களத்தில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அடித்தோம். நடுவில் பெருக்கினோம், நன்றாகத்தான் பெருக்கினோம். அடுத்த வருடம் மூடிய கதிர்க் காட்டில் பத்தில் ஒன்று விரிந்த கதிர். சாணி மெழுகிய தரையின் வெடிப்புக்குள் புகுந்த மணியைத் துடைப்பம் எடுக்காது.

விதைக் கதிரைக் களத்துக்கே கொண்டு போகாதீர்கள். நூறு கதிர்தானே, வீட்டுத் திண்ணையில் துணி விரித்துத் தடியால் தட்டினால் வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு ரகம்தான். துணியையும் முறத்தையும் உதறி, திருப்பிப் போட்டு, தையல் மடிப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். டிராக்டர் ஓட்டி அடித்ததை விதைக்கு எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. சாப்பாட்டுக் கேழ்வரகைக் கதிரோடு போர் போட்டு நாலு நாள் வைத்து அடிப்பது வழக்கம், உதிர்வது சுலபம். விதைக் கதிரைப் போர் போடாதீர்கள். உள்ளே சூடேறினால் முளைப்பு போய்விடும்.

9. காய வையுங்கள், ஆற வையுங்கள், அப்புறம் மூடுங்கள்

தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, காலை எட்டு முதல் பதினொன்று வரை, மாலை மூன்று முதல் ஐந்து வரை காய வையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்ட் தரையில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். கை வைக்க முடியாத சூடு விதைக்கும் ஆகாது.

ஈரம் பார்க்க ஒரு வழி: உப்பை வறுத்து ஆற வைத்து, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் விதையோடு போட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் துணிப்பைக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் காய வைத்தால் சரி, 12 சதவீதத்துக்கு வரும். காற்றுப் புகாத ட்ரம்மில் வைக்க 8 சதவீதம் வேண்டும். உப்புச் சோதனையில் தேறியதும் ட்ரம்மில் போட்டு மூடுகிறவர்கள் விதையைத் தாங்களே கொல்கிறார்கள். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு கைப்பிடி எடுத்துப்போய் ஈரப்பதம் பார்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அது முடியாதவரை துணிப்பைதான் நல்லது. ட்ரம் காத்திருக்கட்டும்.

காய்ந்த விதையைச் சூடாகவே கட்டாதீர்கள். நிழலில் ஆறிய பிறகு கட்டுங்கள். இல்லையென்றால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் வரும்.

கேழ்வரகிலும் உமியோடு இருக்கிற சாமையிலும் பூச்சித் தொல்லை குறைவு. நொச்சி, வேப்பிலையை நிழலில் காய வைத்துப் பைக்கு நடுவே போட்டால் போதும். அடுப்புக்கு மேலே புகை படும் இடம் இன்னும் உத்தமம், அந்த ஆயா வைத்திருந்தது போல. அவரை, துவரையில்தான் கவனம் வேண்டும். வண்டு காட்டிலேயே முட்டை வைத்துவிட்டு, பானைக்குள் வந்து பொரிக்கும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வையுங்கள், அவரைக்குச் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து வையுங்கள்.

பைக்கு உள்ளே ஒரு லேபிள், வெளியே ஒரு லேபிள். வெளியே இருப்பதை எலி தின்றுவிடும். ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு வீட்டில், முடிந்தால் இரண்டு ஊரில் வையுங்கள். கேழ்வரகு வாசனைக்குச் சுவரை இடிக்கிற யானை இருக்கிற ஊரில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

10. அடுப்பில் ஏறுகிறதா என்று பாருங்கள்

சாமை காடு ஏன் குறைகிறது என்று கேட்டால் விலை இல்லை என்பார்கள். பெண்களைத் தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும்: "யாரு குத்தறது?" உரலில் போட்டு உமி நீக்க ஒரு வேளை போய்விடும், கை காய்த்துவிடும். ரேஷன் அரிசி கொட்டி ஊற வைத்தால் வேலை முடிந்தது.

ஆகவே பக்கத்தில் சாமை அரைத்து உமி நீக்கித் தரும் மெஷின் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இல்லையென்றால் மூன்று நான்கு ஊர் சேர்ந்து ஒன்று வைக்க வழி பாருங்கள். விதைக்குழுவுக்குப் பணம் வந்தால் ட்ரம்மைவிட முதலில் இதற்குத்தான் செலவு செய்யச் சொல்வேன். மெஷினில் போடும் ரகத்தை முன்னதாகக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். மணி அளவு மாறினால் நொய்யாகிவிடும், வீட்டில் திட்டு விழும்.

11. கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

ஒரு படி வாங்கினால் இரண்டு படி திரும்ப. இதைப் பலர் வட்டி என்று நினைத்துச் சண்டைக்கு வருவார்கள். ஒரு படி அவர் பங்குக்கு, இன்னொரு படி அடுத்த புதியவருக்கு என்று முதலிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். விளைச்சல் போனவரிடம் கேட்காதீர்கள். யானை மேய்ந்த காட்டுக்கு அடுத்த வருடம் மறுபடி விதை கொடுங்கள்.

முதல் வருடம் ஐந்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஐந்து காட்டை நீங்கள் நேரில் போய்ப் பார்க்க முடியும், இருபதை முடியாது.

விதையைப் பகிர்வது சட்டப்படி சரியா என்று சிலர் பயப்படுவார்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். நாட்டு ரகத்தை ஊரின் பெயரில் பதிவு செய்யவும் அதே சட்டத்தில் வழி உண்டு. நோட்டை மூன்று நான்கு வருடம் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய விவரத்தில் பாதி அதிலேயே இருக்கும்.

திரும்பி வரும் விதையை வாங்கும்போது படியில் அளந்து பையில் கொட்டிவிடாதீர்கள். ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பி, கொடுத்தவர் முன்னாலேயே பாருங்கள். நிறம் கலந்திருந்தால், "இது சாப்பாட்டுக்கு நல்லா இருக்கும்க்கா, விதைக்கு வேற பார்த்துக்கலாம்" என்று சொல்லி, கணக்கில் வரவு வைத்துவிட்டு, அந்தப் பையைத் தனியாக வையுங்கள். மூஞ்சியில் அடித்தது போலத் திருப்பி அனுப்பினால் அடுத்த தையில் அவர் வர மாட்டார். நல்ல விதை என்றால் அன்றைக்கே அதில் நூறு எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி வைத்துவிடுங்கள்.